சுவர் வேண்டாம் என்றவள்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னை விட்டால் ஆளில்லை. நாத்தனார் எழுதி அண்ணி நல்லவளானதாக எங்கும் கதை கிடையாது. ஆனாலும் என்ன செய்ய? என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். வருவான், சாப்பிடுவான், படுப்பான். அவர்களுடைய ஒரே பையன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் இருப்பது நான்தான். அண்ணி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப் அடிக்கிறேன். வீட்டிலும் அவள் முகம், வேலையிடத்திலும் அவள் முகம். அவளை நான் பார்த்த அளவுக்கு அவளைப் பெற்றவள்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பள்ளிக்கூடம் கன்னியாஸ்திரீகள் நடத்துவது. தலைமை சிஸ்டரை மதர் என்போம். அண்ணி அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொண்டாள். டீச்சர்கள் அவளை ஆயாக்களோடு சேர்த்தார்கள்; ஆயாக்கள் அவளை டீச்சர்களோடு சேர்த்தார்கள். அதனால் டீ வரும்போது இரண்டு பக்கமும் அவளை மறந்துவிடும். பிள்ளைகள் மட்டும் 'லைப்ரரி அக்கா' என்று கூப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்த பிறகும் அக்காதான்.

அவளுடைய நூலகத்துக்கு ஓர் இடம் என்று நிலைத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. குனிந்துதான் உள்ளே போக முடியும். அப்புறம் அந்த இடம் தண்ணீர் மோட்டாருக்கு வேண்டுமென்று, விஞ்ஞான லேபில் பாதியைக் கொடுத்தார்கள். அமிலப் புகை பட்டு அட்டையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. அங்கிருந்து ஹாஸ்டல் சாமான் அறைக்கு. அங்கே எலி. அங்கிருந்து பெரிய ஹாலில் மேடைக்குப் பின்னால், திரைக்கு மறைவில். நான் சேருவதற்கு முன்னால் மாற்றியது தனிக் கணக்கு. குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். என் அண்ணி பூனையைத் தோற்கடித்துவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் வழி ஒன்றுதான். ஒரு நாள் காலையில் யாராவது ஒரு சிஸ்டர் வந்து சிரித்த முகமாக, "இந்த இடம் கொஞ்சம் தேவைப்படுது" என்பார். அண்ணி நைலான் கயிறு வாங்கிவரச் சொல்வாள். புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, தடிமனானதை அடியிலும் மெல்லியதை மேலேயும் வைத்துத் தூக்குவாள். ஆயாக்கள் இரண்டு நடை வந்துவிட்டு வேறு வேலைக்கு நழுவிவிடுவார்கள். மிச்சத்தை இவளே சுமப்பாள். ராத்திரி வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பாள். தைலம் தேய்ப்பது என் வேலை.

"வேற வேலை பாருங்களேன் அண்ணி" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"நான் போயிட்டா அடுத்த தடவை இதுங்களை எடைக்குப் போட்டுடுவாங்கடி" என்பாள். "ஒரு நல்ல இடத்துல உக்கார வச்சிட்டா, அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நகை ஆசையில்லை, புடவை ஆசையில்லை. நூலகம் ஒரு இடத்தில் உட்கார வேண்டும், இனி நகரக் கூடாது. அவ்வளவுதான். மனுஷிக்கு இப்படியும் ஒரு ஆசை வருமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

ஒரு முறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, "நூலகம் எங்கே?" என்று கேட்டார். அண்ணி அவரை மேடைக்கு அழைத்துப் போய்த் திரைக் கயிற்றை இழுத்தாள். நாடகம் ஏதோ ஆரம்பிக்கப் போகிறதென்று அந்த மனிதர் நாற்காலி தேடினார். திரை விலகியதும் அலமாரிகள் நின்றன. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மதருக்கு அவமானமாகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் அண்ணிக்கு விடிவு வந்தது.

அப்போது ஹாஸ்டலை மூடியிருந்தார்கள். அதனுடைய சாப்பாட்டுக் கூடம் சும்மா கிடந்தது. நீளமான கூடம், ஒரு கோடியில் மட்டும் பெரிய பெரிய ஜன்னல்கள். மதருக்கு அந்தக் கூடத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கண். பிள்ளைகளுக்கென்று ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும் என்பது அவருடைய பல வருஷக் கனவு. சிஸ்டர்கள் வீட்டுக்குள் இருந்த ஜெப அறையில் இருபது பேர் உட்கார்ந்தால் இருபத்தோராவது ஆள் மூச்சு விட முடியாது. இப்போது அதிகாரியும் வந்து நூலகத்தைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு தேவை, கூடம் ஒன்று. குறுக்கே பலகைச் சுவர் அடித்து, பாதி சிற்றாலயம் பாதி நூலகம் என்று மதர் முடிவு செய்தார்.

தச்சர் அளக்க வந்த அன்று அளவுகளைக் குறித்துக்கொள்ள நானும் போனேன். தச்சர் ஒடிசலான ஆள். காதில் பென்சில், வாயில் ஓயாத பேச்சு. டேப்பின் ஒரு முனையை அண்ணியிடம் கொடுத்து எதிர்ச் சுவர்வரை போகச் சொன்னார். அண்ணி பாதி தூரம் போய் நின்றுவிட்டாள்.

"மதர், ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"குறுக்க சுவர் வேண்டாங்க."

பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் திடீரென்று இப்படிச் சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"ஜன்னல் எல்லாம் அந்தக் கோடியிலதான் இருக்குங்க. குறுக்க பலகை அடிச்சா இந்தப் பாதி இருட்டா போயிடும். ஒண்ணு சாமி இருட்டுல இருக்கணும், இல்லன்னா பிள்ளைங்க இருட்டுல படிக்கணும்."

"சத்தம் வருமேம்மா. இங்க ஜெபம் நடக்கும்போது அங்க பிள்ளைங்க கத்தினா?"

"கத்தாம நான் பாத்துக்கறேங்க."

தச்சர் நடுவில் புகுந்தார். "சுவர் இல்லன்னா எனக்குத்தான் வேலை போச்சு. இருந்தாலும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. அம்மா சொல்றது சரி. அடைச்சா இது கோயில் மாதிரி இருக்காது, குடோன் மாதிரிதான் இருக்கும்."

மதர் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை நடந்து பார்த்தார். அப்படியே வெளியே போய்விட்டார். மறுநாள் காலை அசெம்பிளியில் எல்லோருக்கும் முன்னால், ஜெபமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ், நடுவில் தடையே இல்லாமல் இருக்கப் போவதாக அறிவித்தார். அந்த யோசனை தனக்கு ஜெபத்தில் வந்ததாகவும் சொன்னார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி தைலம் தேய்க்கும்போது கேட்டேன். "உங்களுக்கு எப்ப அண்ணி இவ்வளவு பக்தி வந்துச்சு? கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போனவங்க, அப்புறம் பையனுக்குப் பேர் வைக்கப் போனீங்க. சாமியோட ஒரே ரூம்ல குடித்தனம் பண்ணணும்னு ஆசையா?"

"பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல." தலையணையில் முகம் புதைந்திருந்ததால் குரல் அடைத்து வந்தது. "இத்தனை வருஷத்துல அவங்க எதை எதை நகத்தியிருக்காங்க, சொல்லு. லேபை நகத்தினாங்க. சமையல்கட்டை நகத்தினாங்க. ஹாஸ்டலையே மூடிட்டாங்க. பீடத்தை எவளாவது நகத்தி நீ பாத்திருக்கியா?"

நான் யோசித்தேன். பார்த்ததில்லை.

"ஒருதரம் ஃபாதர் வந்து மந்திரிச்சு விளக்கை ஏத்திட்டாருன்னா, அப்புறம் அந்த இடத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. சுவர் இருந்தா, சுவருக்கு இந்தப் பக்கம் வெறும் ரூம்தானே? நாளைக்கே வந்து சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, கொஞ்சம் தேவைப்படுதுன்னு. சுவர் இல்லன்னா எல்லாமே கோயில்."

இடுப்பில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே, அது இதுதான்.

"அடிப்பாவி அண்ணி, சாமியைக் காவலுக்கு வைக்கிறீங்களா?"

"காவலுக்கு வேற யார் இருக்கா? நீ தேயி."

கூடம் தயாரானது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவருக்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும் மழை நாளில் பழைய சமையல் வாடை எட்டிப்பார்த்தது. பிள்ளைகள் சாப்பிட்ட நீள மேஜைகளைத் தச்சர் அறுத்து இழைத்துப் படிக்கும் மேஜைகளாக்கினார். அதில் நல்ல தேக்கு மேஜையாக ஒன்றை எடுத்துப் பீடம் செய்தார். அதன் அடிப்பக்கத்தில் ஹாஸ்டல் பெண்கள் ஆணியால் கீறிய பேர்கள் நிறைய இருந்தன. இழைத்து எடுத்துவிடவா என்று தச்சர் கேட்டார். துணி போட்டு மூடத்தானே போகிறோம், இருக்கட்டும் என்று மதர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மதரைப் பிடிக்கும். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார், அவ்வளவுதான்.

மேடைக்குப் பின்னாலிருந்து கூடத்துக்குப் புத்தகங்களைக் கொண்டுபோக அண்ணி இந்த முறை கயிறு வாங்கவில்லை. கடைசி முறை, கட்டித் தூக்க என்னால் ஆகாது என்றாள். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்களை ஹாலில் தொடங்கி வராந்தா வழியாகக் கூடம்வரை வரிசையாக நிற்க வைத்தாள். புத்தகம் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போக வேண்டும். முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் கூடத்துக்குள் வரத்து நின்றுவிட்டது. என்னவென்று பார்க்கப் போனேன். வராந்தா நடுவில் ஒரு குண்டுப்பெண் கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், ஹால் பக்கம் நின்றவள் கையில் பதினைந்து புத்தகம் சேர்ந்து, கழுத்து மறைந்து, 'வாங்குடீ, வாங்குடீ' என்று கதறிக்கொண்டிருந்தாள். நான் குண்டுப்பெண் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. அந்தப் பக்கத்தை முடிச்சுட்டு குடுக்கட்டும்."

அப்புறம் வரிசை முழுவதும் அதே கதைதான். ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. அந்த மூன்று நாளும் அண்ணி தைலம் கேட்கவில்லை.

மந்திரிக்கிற நாள் வந்தது. ஃபாதர் வயதானவர். தீர்த்தப் பாத்திரத்தை ஒரு கையிலும் தெளிக்கிற கோலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பீடத்தில் தெளித்தார், பெஞ்சுகளில் தெளித்தார், அப்படியே அலமாரிகள் பக்கம் வந்தார். கை தாராளமான கை. சரித்திரம், பூகோளம், கதைகள் என்று வரிசையாக நனைத்துக்கொண்டே போனார். அவர் பின்னாலேயே என் அண்ணி ஒரு துண்டோடு ஓடி, ஒவ்வொரு சொட்டாகத் துடைத்துக்கொண்டே போனாள். ஒரு சிஸ்டர் வாயில் கை வைத்தார். தீர்த்தத்தைத் துடைக்கிறாளே!

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, ஆசீர்வாதத்தைத் துடைக்கிறீங்க?"

"ஆசீர்வாதம் உள்ள போயிருக்கும் ஃபாதர். தண்ணியைத்தான் துடைக்கறேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் பீடத்துக்கு முன் நின்று, இந்தக் கூடம் முழுவதையும், இதிலுள்ள அனைத்தையும் இறைவனுக்கு என்று ஒப்புக்கொடுத்தார். பீடத்துப் பேழையில் நற்கருணை அப்பத்தை வைத்தார்கள். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது இரவும் பகலும் அணையக் கூடாது. 'கூடம் முழுவதையும்' என்று ஃபாதர் சொன்னபோது அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

சந்தோஷத்துக்கு வாடகை உண்டு என்பது அடுத்த வாரமே தெரிந்தது. கோயில் என்றால் கோயிலுக்குரிய சட்டம். செருப்பு வெளியே. உள்ளே வரும்போது பீடத்தைப் பார்த்து முழங்காலை மடக்கிவிட்டுத்தான் அலமாரிக்குப் போக வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து அண்ணி சத்தம்போட்டுக் கதை வாசிப்பாள், அது நின்றது. காலை ஜெபம், மத்தியான ஜெபம், வெள்ளிக்கிழமை ஆராதனை என்று அந்த நேரமெல்லாம் புத்தகம் எடுக்கக் கூடாது. சிரிப்புக் கதை படித்துவிட்டு ஜெபமாலை நடுவில் ஒருத்தி களுக்கென்று சிரித்ததற்கு அண்ணிதான் பேச்சு வாங்கினாள்.

பிறகு ஒரு சிஸ்டர், உடற்கூறு படம் போட்ட புத்தகங்கள் பீடத்தைப் பார்த்து இருப்பது நன்றாக இல்லை என்றார். அண்ணி தச்சரைக் கூப்பிட்டு அந்த அலமாரியைத் திருப்பிப் போட்டாள். அதற்கப்புறம் நுரையீரலையும் கல்லீரலையும் பார்க்க வேண்டுமென்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பெண்கள் அந்தச் சந்துக்குள் முன்னைவிட அதிகமாகப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

"குனியக் குனியக் கொட்டுறாங்களே, ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்று நான் கத்துவேன்.

"கொட்டட்டும். நகத்தல இல்ல?" என்பாள்.

மழைக்காலம் வந்து போனது, பரீட்சைகள் வந்து போயின. நைலான் கயிறு வாங்க யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். முழங்காலை மடக்கியபடியே எந்த அலமாரிக்குப் போவதென்று கண்ணால் தேடக் கற்றுக்கொண்டார்கள். ஜன்னல் வெளிச்சம் பீடத்தைத் தொட்டுவிட்டு மேஜைகளுக்கு வரும்போது அந்தக் கூடம் அழகாகத்தான் இருந்தது. எனக்கே சில நாள் சாப்பாட்டு வேளையில் அங்கே போய்ச் சும்மா உட்காரத் தோன்றியது.

பிறகு பழைய மதருக்கு மாற்றல் வந்தது. புது மதர் வந்தார். வேகமான ஆள். நடையும் வேகம், பேச்சும் வேகம், முடிவும் வேகம். வந்த முதல் மாதமே கம்ப்யூட்டர் அறைக்கு இடம் வேண்டுமென்று அதே தச்சரையும் டேப்பையும் கூட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் புறப்பட்டார். குறித்துக்கொள்ள நானும் பின்னால் ஓடினேன். கூடத்துக்கு வந்தார்கள். உள்ளே அண்ணி ஒரு புத்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தாள். மதர் வாசலிலேயே நின்று, கூடத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"நல்ல பெரிய இடம்" என்றார்.

அண்ணியின் கையிலிருந்த பசைக் குச்சி அப்படியே நின்றது. தச்சர் டேப்பை எடுக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

மதர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். முழங்காலை மடக்கி எழுந்தார். "இது கோயில். இதைத் தொட முடியாது. அடுத்ததைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி வழியில் இரண்டு முறை நின்றாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா நிற்கத் தோன்றியது என்றாள். அன்று அண்ணன் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அவள் இல்லாமல் நானே அண்ணனுக்குச் சாப்பாடு போட்டேன். 'உடம்புக்கு என்ன?' என்று கேட்டான். 'ஜெயிச்சுட்டாங்க, தூங்குறாங்க' என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டுத் திறந்த முதல் வாரம், மதர் அண்ணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவில் ஒரு பீரோதான். எல்லாம் காதில் விழுந்தது.

"உக்காருங்கம்மா" என்றார். குரலில் நிஜமான கனிவு. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. "கூடத்தை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது. நற்கருணை இருக்கிற இடம் அது. கூடத்துச் சாவி சிஸ்டர்ஸ் கையில இருக்கிறதுதான் முறை. காலையில திறக்கிறது, சாத்துறது, உள்ள யார் இருக்காங்கன்னு பாக்கிறது எல்லாம் நாங்க செய்ய வேண்டியது. பழைய மதர் எப்படி விட்டாங்கன்னு தெரியல."

அண்ணியின் நாற்காலி கிரீச்சிட்டது.

"வெறும் ரூமா இருந்தா பரவாயில்ல. சுவர் வச்சுப் பிரிச்சிருந்தாக்கூட அந்தப் பக்கம் கோயில், இந்தப் பக்கம் லைப்ரரின்னு விட்டிருப்பேன். இது எல்லாம் ஒண்ணாயிடுச்சே. நம்ம சின்ன சிஸ்டர் பாத்துக்குவாங்க. உங்களுக்கும் வயசாச்சு, இடுப்பு வலின்னு கேள்விப்பட்டேன். கேட் பக்கத்துல யூனிஃபார்ம் துணி குடுக்கிற கவுன்டர் இருக்கு. உக்காந்த வேலை. ஃபேன் இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. பீரோவைத் தாண்டிப் போய் நின்றேன். "மதர், அந்தக் கூடத்துல சுவர் வேண்டாம்னு சொன்னதே இவங்கதான். இவங்க இல்லன்னா அங்க லைப்ரரியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மதர் ஆச்சரியமாக அண்ணியைப் பார்த்தார். "அப்படியா? ரொம்ப நல்ல காரியம் செஞ்சிருக்கீங்கம்மா."

"நீ போய் வேலையைப் பாருடி" என்றாள் அண்ணி என்னிடம். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். மதர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானாவது திட்டியிருப்பேன்.

அண்ணி கேட் பக்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்தாள். சட்டைத் துணி, பாவாடைத் துணி, பெல்ட். வருஷத் தொடக்கத்தில் கூட்டம் இருக்கும். அப்புறம் ஈ ஓட்டுகிற வேலைதான். ஃபேன் சுற்றும். வழக்கமாக வரும் பிள்ளைகள் கொஞ்ச நாள் எட்டிப் பார்த்து, 'லைப்ரரி அக்கா, அந்தப் புத்தகம் எங்க இருக்கு?' என்று கேட்டார்கள். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லி அனுப்புவாள். போனவர்கள் திரும்பி வந்து அங்கே இல்லை என்பார்கள். சின்ன சிஸ்டர் நல்ல பெண். சுத்தமென்றால் உயிர். வந்ததும் எல்லாப் புத்தகங்களையும் உயரப்படி அடுக்கிவிட்டார். பெரியது, நடுத்தரம், சின்னது என்று தட்டுகள் படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கின. பூகோளத்துக்குப் பக்கத்தில் தையல், தையலுக்குப் பக்கத்தில் வானசாஸ்திரம். பார்வையிட வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

இதை நான்தான் அண்ணியிடம் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. படுத்துக்கொண்டு, "புத்தகம் நின்னுடுச்சு இல்ல? போதும்" என்றாள். போதவில்லை என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம், இப்போதெல்லாம் வலிப்பதில்லை என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. நான் அழுதால் அவள் எழுந்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

போன மாதத்திலிருந்து அண்ணி சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வருவதில்லை. 'நீ முன்னாடி போ' என்பாள். ஒரு மணி நேரம் கழித்து வருவாள். கேட்டால் பேச்சை மாற்றுவாள். ஒரு நாள் வராந்தாவில் சின்ன சிஸ்டர் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்க அண்ணிக்கு எவ்வளவு பக்தி! தினமும் சாயங்கால ஜெபத்துக்கு வந்துடறாங்க. எங்களுக்கே அவங்க ஒரு உதாரணம்."

பக்தியாம், மண்ணாங்கட்டி. சிஸ்டருக்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று நானும் ஜெபத்துக்குப் போனேன். வேலைக்காரர்கள் அந்தக் கூடத்துக்குள் கேள்வியில்லாமல் நுழையக்கூடிய நேரம் அது ஒன்றுதான் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணி கடைசி பெஞ்சில், சுவரோரமாக, அலமாரியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். முன்னால் சிஸ்டர்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அண்ணி மூடவில்லை. அவள் உதடு அசைந்தது. நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். அது ஜெபம் இல்லை. பக்கத்துத் தட்டிலிருந்த புத்தகங்களின் பேர்களை ஒவ்வொன்றாக, வரிசையாக, மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

பாதி ஜெபத்தில் அவள் கை மெல்ல நீண்டது. தட்டில் ஒரு புத்தகம் தலைகீழாகச் செருகியிருந்தது. அதை உருவினாள். நிமிர்த்தினாள். திரும்பச் செருகும்போது பக்கத்துப் புத்தகம் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அந்த அமைதியில் அது பெரிய சத்தம். முன்வரிசையில் தலைகள் திரும்பின. சின்ன சிஸ்டர் எழுந்து, ஓசையில்லாமல் நடந்து வந்தார். குனிந்து புத்தகத்தை எடுத்து, உயரம் பார்த்துத் தட்டில் வைத்தார்.

"ஜெப நேரத்துல புத்தகத்தைத் தொட வேண்டாம்மா" என்றார் காதோரமாக. எவ்வளவு அன்பான குரல்! "மனசு அலையுது பாருங்க."

"சரிங்க சிஸ்டர்" என்றாள் அண்ணி. இரண்டு கையையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜெபம் முடிகிறவரை அப்படியே இருந்தாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்கு ரோஷமே கிடையாதா அண்ணி? இவ்வளவு கேட்டப்புறமும் நாளைக்கு வருவீங்களா?"

அண்ணி குனிய முடியாமல் குனிந்து வாரை இழுத்து மாட்டினாள்.

"வராம எப்படிடி? மேல் தட்டுல இன்னும் ரெண்டு மூணு தலைகீழா இருக்கு."